மூன்று பெயர் கொண்ட ஊருக்கு வழி: வழிகாட்டிச் செயலியுடன் நான்கு ஆண்டுகள்

விடுமுறைகளில் வாடகைக் கார் எடுத்து ஐரோப்பிய நாடுகளைச் சுற்றும்போது, கைபேசியின் வழிகாட்டிச் செயலியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வழியைக் கணக்கிடுவதில் அதன்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் அது சொல்லும் ஊர்ப் பெயர் ஒன்றாகவும், சாலைப் பலகை காட்டும் பெயர் வேறாகவும் இருக்கும்போது படும் பாடு கொஞ்சமல்ல.

இதை எங்களுக்குக் கற்பித்த நாடு பெல்ஜியம். பிரசல்ஸிலிருந்து ஈ40 நெடுஞ்சாலையில் லியேஜ் நகரை நோக்கிச் சென்றபோது, செயலி லியேஜ் என்றே சொல்லிக்கொண்டிருக்க, பலகைகளில் லௌக் என்னும் ஊர்தான் வந்தபடி இருந்தது. தவறான சாலையில் ஏறிவிட்டோம் என்று மனைவி உறுதியாகச் சொன்னார். எனக்கும் அப்படியே தோன்றியது. மொழி எல்லையைக் கடந்து பிரெஞ்சு பேசும் பகுதிக்குள் நுழைந்ததும் லௌக் மறைந்து லியேஜ் முளைத்தபோதுதான், டச்சு மொழிப் பகுதியில் அதே ஊருக்கு வழங்கும் பெயர் அது என்று விளங்கி, இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். பின்னர் ஜெர்மனியின் ஆகன் பக்கமிருந்து திரும்பியபோது அவ்வூர் லூட்டிஷ் ஆகியிருந்தது. பிரான்சின் லீல் நகரமும் டச்சுப் பலகைகளில் ரைசல்தான். மோன்ஸ் நகரைப் பெர்கன் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், அதே பெயரில் ஒரு நகரம் உள்ள நார்வேக்கு வழி காட்டுகிறார்களோ என்று யாருக்கும் ஐயம் வரும்.

குரல் வழிகாட்டல் இந்தக் குழப்பத்தைக் கூட்டுகிறது. குரலை ஆங்கிலத்தில் வைத்திருந்தால், பிரெஞ்சுத் தெருப் பெயர்களை அது ஆங்கில உச்சரிப்பிலேயே படிக்கிறது. காதில் விழுந்ததைப் பலகையில் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போய்விடுகிறது. அதனால் இப்போது நாங்கள் சாலை எண்ணைத்தான் நம்புகிறோம். பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் வரும் ஈ40, பிரான்சின் கலே துறைமுகத்திலிருந்து கஜகஸ்தான் வரை அதே எண்ணோடு நீள்கிறது; எந்த மொழிக்காகவும் அது மாறுவதில்லை.

சுரங்கச் சாலைகளில் செயலி உண்மையிலேயே கைவிட்டுவிடுகிறது. பிரசல்ஸின் உள்வட்டச் சாலையில் சுரங்கங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அதையொட்டிய ஆனி கோர்டி சுரங்கம் மட்டுமே ஏறத்தாழ 2.5 கிலோமீட்டர் நீளம். செயற்கைக்கோள் சமிக்ஞை மண்ணையும் கான்கிரீட்டையும் ஊடுருவாது என்பதால், திரையில் நம் புள்ளி உறைந்து நிற்க, எதிரே சாலை இரண்டாகப் பிரிகிறது. காரிலேயே பொருத்தப்பட்ட வழிகாட்டிகள் சக்கரச் சுழற்சியையும் திரும்பும் கோணத்தையும் கொண்டு ஓரளவு சமாளிக்கின்றன. கைபேசியை மட்டும் நம்புவோர், உள்ளே நுழையுமுன் எந்தப் பக்கம் பிரிய வேண்டும் என்பதைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. சுரங்கத்துக்கு வெளியே, இணையம் அறுந்தாலும் இருப்பிடம் காட்டும் என்பது செயலியின் பெரிய பலம். வரைபடத்தை மட்டும் முன்பே பதிவிறக்கியிருக்க வேண்டும்.

செயலி சொல்லாத இன்னொன்றும் உண்டு. பெல்ஜியத்தில் பலகையோ விளக்கோ இல்லாத சந்திகளில் வலப்புறமிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுவது எளிது, ஆபத்தும்கூட.

இப்போதெல்லாம் புறப்படுமுன் சாலை எண்ணையும் வழியிலுள்ள ஊர்களின் எல்லாப் பெயர்களையும் மனைவி ஒரு தாளில் எழுதிவிடுகிறார். சென்ற முறை கென்ட் நகரிலிருந்து தெற்கே போனபோது அதில் இருந்தவை இவ்வளவுதான்: ஈ17, கோர்ட்ரைக் அல்லது கூர்த்ரே, ரைசல் அல்லது லீல்.