கங்கைப் பாலமா, கந்தளாய்க் குளக்கட்டா? திருகோணமலையிலிருந்து சைக்கிளில் போக ஏற்ற வழிகள்

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் மூதூருக்குப் போனேன். கிண்ணியா தாண்டியதும் சைக்கிள் தானாகவே ஓடியது. மிதிக்க வேண்டிய தேவையே இல்லாதது போல இருந்தது. திரும்பும்போது அதே வீதியில் சைக்கிள் நகர மறுத்தது. கச்சான் காற்று நேரே நெஞ்சில் அடித்தது. போக எடுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு திரும்பி வர எடுத்தது. மூதூரில் தயிர் வாங்கிய கடைக்கார நானா முன்னமே சொல்லியிருந்தார்: "இந்தக் காத்தோட மல்லுக்கட்டாதீங்க தம்பி. அசர் தொழுகைக்குப் பிறகு வெளிக்கிடுங்க, குறைஞ்சிரும்." நான் கேட்கவில்லை.

மகாவலி ஆறு கடலில் சேரும் எங்கள் பக்கத்தில் மலை ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. இங்கே ஏற்றம் என்றால் காற்றுதான். ஆகவே எந்த வழி நல்லது என்று யாராவது கேட்டால், எந்த மாதத்தில் போகிறீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

மகாவலியைத்தான் நாங்கள் கங்கை என்போம். அந்தக் கங்கை வழியை முதலில் எடுப்போம். எனக்குப் பிடித்தது அதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. நகரத்திலிருந்து சீனக்குடா, வெள்ளைமணல், கிண்ணியாப் பாலம், பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்கள், அப்புறம் மூதூர். ஒரு பக்கம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 வீதி இது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தைப் பாதையில் ஏறித்தான் கடக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வாகனங்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. இன்று 396 மீட்டர் நீளப் பாலம் நிற்கிறது. விடியற்காலையில் அதன் நடுவில் இறங்கி நின்றால் ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறு பக்கம் கொட்டியாரக் குடா. தூண்டில்காரர் பாலத்துக் கைப்பிடியில் வரிசையாகச் சாய்ந்திருப்பார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே இருட்டில் எழும்பலாம்.

அதே கிண்ணியாவுக்குள் குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23ஆம் திகதி பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். இவ்வளவு பாலங்களை ஒரே காலையில் எளிதாகக் கடந்து போகும்போது அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

கிண்ணியாவுக்கு அப்பால் வயல்களும் கண்ணா என்ற கண்டல் மரக் காடும் மாறி மாறி வரும். கங்கைப் பாலத்தில் கட்டாயம் நில்லுங்கள். மலைநாட்டிலிருந்து 335 கிலோமீட்டர் ஓடி வந்த ஆறு, கடலுக்கு இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்று தெரிந்துகொண்டது போல அங்கே அகன்று, மெதுவாகி, கலங்கிய நிறத்தில் கிடக்கும். கரையில் எருமைகள் நிற்கும். மூதூரின் சட்டித் தயிருக்குப் பெயர் வந்தது இந்தப் புல்லாலும் இந்தத் தண்ணீராலும்தான் என்று நான் நம்புகிறேன். ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டதும் இந்தக் கொட்டியாரக் கரையில்தான்.

கால்களில் இன்னும் பலம் இருந்தால் மூதூரோடு நிறுத்தாமல் வெருகல் வரை போகலாம். மகாவலியிலிருந்து பிரியும் வெருகலாறு அங்கேதான் கடலை நோக்கிப் போகிறது. ஆற்றங்கரையில் சித்திரவேலாயுதர் கோயில். கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் தங்கிப் போகும் இடம் அது. ஆனால் மூதூருக்குப் பிறகு கடைகள் குறைவு, நிழலும் குறைவு. ஒரே நாளில் போய்த் திரும்புவது பழகியவர்களுக்கு மட்டும்தான். மற்றவர்கள் மூதூரில் ஓர் இரவு தங்கிப் போவது நல்லது.

இனிக் கந்தளாய் வழி. தூரம் கிட்டத்தட்ட அதே 40 கிலோமீட்டர்தான், ஆனால் அனுபவம் வேறு. இது ஏ6 வீதி, கொழும்புப் போக்குவரத்து முழுவதும் இதில்தான். மா லொறியும் சீமெந்து லொறியும் தோளை உரசிப் போகும். வீதி அகலமானது, தளம் நல்லது, ஓரத்தில் இடமும் இருக்கிறது. ஆனால் சத்தம் மனதைக் களைக்க வைக்கும். அழகைத் தேடிப் போகிறவருக்கு முதல் அரைவாசித் தூரம் ஏமாற்றம்தான்.

ஆனால் தம்பலகாமச் சந்தியில் இடது பக்கம் திரும்பி ஊருக்குள் போனால் எல்லாம் மாறிவிடும். வாய்க்கால் ஓரமாகச் சின்ன வீதி, இரு பக்கமும் வயல், அதன் நடுவே ஆதிகோணநாயகர் கோயில். தை மாதத்தில் நெல் குடலை தள்ளி நிற்கும்போது அந்த வாசனைக்கு ஈடில்லை. பிறகு முள்ளிப்பொத்தானை வழியாகக் கந்தளாய். சந்தியில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு நேரே குளக்கட்டுக்குப் போங்கள். குளமும் கோட்டமும் கட்டியதால் குளக்கோட்டன் என்று பெயர் பெற்ற மன்னன், கோணேசர் கோயிலுக்கு நெல் விளைவிக்க இந்தக் குளத்தைக் கட்டினான் என்பது எங்கள் ஐதீகம். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இன்று அதில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அம்பன் கங்கை மகாவலியில் சேரும் துணையாறு. எலகெர வாய்க்கால் அதன் தண்ணீரை மின்னேரிக் குளத்துக்குக் கொண்டுவர, அங்கிருந்து இங்கே வருகிறது. மூதூரில் கடலில் விழும் ஆற்றுக்கு இந்தக் குளமும் உறவுதான்.

இப்போது காற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சான் தென்மேற்கிலிருந்து வீசும். கந்தளாய் எங்களுக்குத் தென்மேற்கில் இருப்பதால், போகும்போது எதிர்க்காற்று. காலில் பலம் இருக்கும்போதே, வெயில் ஏறுமுன்னே அந்தப் பாட்டைப் பட்டுவிடுகிறோம். திரும்பும்போது காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். கங்கை வழியில் இது தலைகீழ். போகும்போது சுகம், களைத்துத் திரும்பும்போது எதிர்க்காற்று. ஆகவே கச்சான் மாதங்களில் கந்தளாய், மாசி, பங்குனியில் கங்கை. அந்த மாதங்களில் காற்று தணிந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், பெரும்போக அறுவடையும் நடக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அறுத்த நெல்லை வீதியோரத்தில் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். அதன் மேல் சில்லு ஏற்றாதீர்கள். ஒரு வீட்டின் வருடச் சோறு அது. கார்த்திகை, மார்கழி மழையில் இரண்டு வழியும் வேண்டாம். தாழ்ந்த நிலமெல்லாம் வெள்ளக்காடாகிவிடும்.

இந்த இரண்டையும் இணைத்து வட்டமடிக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். கந்தளாயிலிருந்து அல்லை வீதியில் சேருநுவர போய், அங்கிருந்து மூதூர், கிண்ணியா வழியாக வீடு வரலாம். நூறு கிலோமீட்டரைத் தாண்டும். வரைபடத்தில் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது யானை நடமாடும் பக்கம். தனியாகப் போகவே கூடாது. நான்கைந்து பேராகப் போனாலும் காலை எட்டு மணிக்கு முன்னும் பின்னேரம் மூன்று மணிக்குப் பின்னும் அந்தக் காட்டு வீதியில் இருக்காதீர்கள். நான் ஒருமுறைதான் போனேன். யானையைக் காணவில்லை, ஆனால் வீதியில் ஆவி பறக்கும் இலத்தியைக் கண்டோம். அதன் பிறகு யாரும் பேசவில்லை, மிதித்தோம்.

நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வழியையும் பலர் சொல்வார்கள். நல்ல வீதி, உப்பளங்கள் அழகு, கடல் கூடவே வரும். ஆனால் ஆற்று நிலம் பார்க்க ஆசைப்பட்டவருக்கு அது வேறு பயணம்.

சாமான் விடயத்திலும் இரண்டு வழிக்கும் வேறுபாடு உண்டு. கந்தளாய்க்கு 25 மில்லிமீட்டர் டயர் போதும். கங்கை வழிக்கு நான் 32 போடுகிறேன். பாலங்களின் இணைப்புகளிலும் மணல் படிந்த ஓரங்களிலும் மெல்லிய டயர் துன்பப்படும், வயலோர உடைமுள்ளும் உண்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் சைக்கிள் கடைகளில் அன்போடு ஒட்டுப்போட்டுத் தருவார்கள். ஆனால் ரேசிங் சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு அவர்களின் பம்ப் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள், பைக்குள் இரண்டு டியூப். கந்தளாய் வழியில் ரயில் பாதையும் கூடவே வருவதால் உடம்பு முடியாமல் போனால் கந்தளாய் நிலையத்திலேயே பயணத்தை முடித்துக்கொள்ளும் வசதி உண்டு. மூதூர்ப் பக்கம் அந்த வசதி இல்லை.

தண்ணீர் இரண்டு போத்தல். நகரத்திலிருந்து ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் கிண்ணியாப் பாலத்தில் சூரியன் எழும்புவதைப் பார்க்கலாம்.