க்வெரி லெட்டர் (நாவலைப் பதிப்பகத்துக்கு வித்துத் தர்ற ஏஜென்ட்டுக்கு எழுதற அறிமுகக் கடிதம்) திருத்தித் தர்றோம்னு 6,500 ரூபாயை வாங்கிட்டு ஏமாத்திட்டாங்க. காதல் நாவல் எழுதறவங்க உஷார்!

நேத்து ராத்திரிதான் கடைசி பதில் வந்தது. வயிறு எரியுது. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் யாராவது இங்கிலீஷ்ல ரொமான்ஸ் நாவல் முடிச்சுட்டு வெளிநாட்டு ஏஜென்ட்டுக்கு அனுப்பப் போறீங்கன்னா இதைப் படிச்சுடுங்க.

ஃப்ரீலான்ஸ் ஆளுங்களைப் பிடிச்சுத் தர்ற ஒரு ஆப். லெட்டரைத் திருத்த 2,500. அதுல கிடைச்ச ஆள் ஃபோன்ல முதல் கேள்வியே சரியா கேட்டார்: "கடைசில ரெண்டு பேரும் சேர்றாங்களா மேடம்? இல்லன்னா ரொமான்ஸ்னு அனுப்பாதீங்க." நூத்துக்கு நூறு உண்மை. அந்த ஒரு கேள்வியிலதான் நம்பிக்கை வந்துடுச்சு. "ஏஜென்ட் லிஸ்ட்டும் தர்றேன், ஆப்ல கமிஷன் பிடிப்பாங்க, நேரா ஜீபே பண்ணிடுங்க"ன்னு இன்னொரு 4,000. மொத்தம் 6,500.

வந்தது ரெண்டு பக்கம், 640 வார்த்தை. க்வெரி லெட்டர்னா ஒரே பக்கம், 250லேர்ந்து 350 வார்த்தை. அதுல கதைக்கு 150, 200. மீதி, நாவலோட வகை, மொத்த வார்த்தை எண்ணிக்கை, ஒப்பிட ரெண்டு நாவல், எழுதினவங்களைப் பத்தி ஒண்ணு ரெண்டு வரி. என் நாவலோட 82,000 வார்த்தைங்கற எண்ணிக்கையையே தூக்கிட்டாங்க. ஒப்பிடற நாவல் கடைசி மூணு, அஞ்சு வருஷத்துக்குள்ள வந்ததா இருக்கணும், இப்ப அந்த மாதிரி கதை விக்குதுன்னு காட்டத்தான் அது. இவங்க போட்டது 200 வருஷப் பழைய நாவல்.

என் கதை காசிமேட்டுல நடக்குது. செல்விக்கு அப்பாவோட விசைப்படகு கைவிட்டுப் போகக் கூடாது. ஜோசப் அதே படகைக் கடனுக்கு எடுத்துட்டுப் போக வந்த ஃபைனான்ஸ்காரன். கெடு, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நான் எழுதின பழைய லெட்டர்ல இருந்தது: "தடை முடியறதுக்குள்ள பணம் கட்டலன்னா படகு போயிடும், எடுக்காம விட்டா ஜோசப்புக்கு வேலை போயிடும்." யாருக்கு என்ன வேணும், எது தடுக்குது, தோத்தா என்ன போகும், மூணும் அந்த ஒரே வரியில இருக்கு. ஏஜென்ட் தேடறதே அதைத்தான். அதை அடிச்சுட்டு, "அலைகள் சாட்சியாக இரு இதயங்கள் பேசும் காவியம்"னு இங்கிலீஷ்ல ஒரு வரி. எந்தக் கதைக்கு வேணா ஒட்டலாம். காசிமேடு "அழகிய கடலோர கிராம"மாம்! விடியக்காலை ஏலம் நடக்கற துறைமுகத்தை ஒரு தடவை பார்த்தவங்க அப்படி எழுத மாட்டாங்க. மூணாவது பத்தியில ஹீரோ பேர் டேனியல். வேற யாருக்கோ எழுதினதை அப்படியே ஒட்டியிருக்காங்க.

4,000 ரூபாய் லிஸ்ட்ல 40 ஈமெயில். பாதிப் பேர் ரொமான்ஸே எடுக்கறதில்ல, குழந்தைங்க புத்தகம், த்ரில்லர்.

கேட்டா, "டீம் பாத்துட்டிருக்கு." நாலு நாள் கழிச்சு, "ஃபீட்பேக் நோட் பண்ணிட்டோம்." டேனியல் யாருன்னு கேட்டதுக்கு, "அது சஜஷன் மேடம்." ஆப்ல புகார் போட்டா, "ஃபைல் டெலிவரி ஆயிடுச்சு. 4,000 எங்க வழியா வரல." டிக்கெட் க்ளோஸ். 6,500 ரூபாய், ஒரு சாரி கூட இல்ல.

லெட்டர் எழுதற முறையை விரிவா சொல்லலாம்னுதான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. சட்டுனு இது மட்டும்: ஆப்புக்கு வெளிய பணம் அனுப்பாதீங்க. முதல்ல உங்க ஒரு பத்தியை மட்டும் திருத்தித் தரச் சொல்லிப் பாருங்க. "ஏஜென்ட் கேரண்டி"ன்னா ஃபோனை வச்சுடுங்க. நிஜ ஏஜென்ட் முன்பணம் கேக்க மாட்டாங்க, புத்தகம் வித்தப்புறம் வழக்கமா 15 சதவீதம் எடுப்பாங்க. "டியர் ஏஜென்ட்"னு மொத்தமா அனுப்பாதீங்க, ஒவ்வொருத்தருக்கும் பேர் போட்டு எழுதுங்க. பணம் போச்சுன்னா உடனே சைபர் க்ரைம் உதவி எண் 1930, பணம் அனுப்பினதுக்கான யுடிஆர் (பரிவர்த்தனை) நம்பரைக் கையில வச்சுக்குங்க. சேவை மோசம்னா நுகர்வோர் உதவி எண் 1915. காலைல ரெண்டுக்கும் பேசப் போறேன்.