மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளும் ஒரு பி.பி. மிஷினும்

கல்லூரியில் நடந்த மருத்துவ முகாமில், இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குள் கையில் பட்டையைக் கட்டி, 134/88 என்று எழுதிவிட்டு, "இந்த வயசுலேயே பிரஷரா?" என்று கேட்டார்கள். அன்று எனக்கு மாதவிடாயின் முதல் நாள். அடிவயிற்று வலியோடு வரிசையில் நின்றேன். அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அந்தக் கவலையோடுதான் அம்மாவும் நானும் கோரிப்பாளையத்தில் ஒரு மருத்துவக் கருவிக் கடையில், மேற்கையில் கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் பி.பி. மிஷினை 2,100 ரூபாய்க்கு வாங்கினோம். மூன்று சுழற்சிகள் முழுவதும் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் கைப்பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைப் போன்ற ஒல்லியான பெண்கள் கவனிக்கத் தவறும் இடம் அதுதான். பெட்டியில் வந்த பட்டை 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்கு உரியது. தையல் டேப்பால் அளந்தபோது என் மேற்கை 20.5 செ.மீ. மட்டுமே இருந்தது. பட்டை பெரிதாக இருந்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். சிறிதாக இருந்தால் கூட்டிக் காட்டும். சிறிய பட்டையைக் கடைக்காரர் வரவழைத்துத் தர ஐந்து நாள் ஆயிற்று. அதற்குத் தனியாக 750 ரூபாய். அதன் பிறகு எடுத்த அளவுகளையே கணக்கில் சேர்த்தேன்.

காலையில் காபிக்கு முன்பும் இரவு உணவுக்கு முன்பும், முதுகைச் சாய்த்துக் கால்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை பார்த்து, மாதவிடாய் தொடங்கிய நாளை 1 எனக் கொண்டு நோட்டில் எழுதி வந்தேன். முதல் மூன்று நாட்களின் சராசரி 115/75 என்றும், 20 முதல் 24 வரையான நாட்களின் சராசரி 110/71 என்றும் வந்தன. கருமுட்டை வெளியான பின் பெருகும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், உடலில் உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் வேலையைத் தடுத்துச் சிறுநீரகம் உப்பை வெளியேற்றும்படி செய்கிறது; உடலோ ஆல்டோஸ்டிரோனையும் அதைத் தூண்டிவிடும் ரெனினையும் கூடுதலாகச் சுரந்து அதை ஈடுகட்டப் பார்க்கிறது; ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோனுக்கு இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் இயல்பு உண்டு. இந்த இழுபறியில் இரத்த அழுத்தத்தின் மாற்றம் சில மில்லிமீட்டருக்குள் (அழுத்தத்தை அளக்கும் பாதரச அளவு) அடங்கிவிடுகிறது. எந்த நாளில் உச்சம் என்பதில் ஆய்வுகளுக்குள்ளேயே ஒத்த முடிவு இல்லை. கருவியின் கையேடோ 3 மில்லிமீட்டர் வரை கூடக்குறையக் காட்டலாம் என்கிறது. ஆகவே ஒரே ஒரு முறை பார்த்து, "பீரியட்ஸ் வந்ததால் ஏறிவிட்டது" என்று முடிவு கட்ட இக்கருவியால் முடியாது. பல நாள் அளவுகளை அடுக்கிப் பார்த்தால்தான் ஏதேனும் புலப்படும்.

குறை என்றால் நினைவகம்தான். 60 அளவுகளைச் சேமிக்கிறது. ஆனால் அம்மாவின் அளவும் என்னுடையதும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன, சுழற்சியின் நாளைக் குறித்துவைக்கவும் வழியில்லை. பெண்களும் பயன்படுத்தும் கருவியில் அந்த ஒரு வசதியைச் சேர்க்காதது எனக்கு வருத்தமே. பேட்டரி மூன்று மாதமும் தாங்கியது. கையை அளந்து, பொருந்தும் பட்டையோடு வாங்குவதாக இருந்தால், இக்கருவியைத் தயங்காமல் வாங்கலாம்.

நோட்டை எங்கள் டாக்டரிடம் காட்டியபோது, முதல் மூன்று நாட்களில் வலிக்கு என்ன மாத்திரை போடுகிறாய் என்றுதான் முதலில் கேட்டார். மெஃபனமிக் அமிலம் என்றேன். அவ்வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடலில் தேக்கிச் சிலருக்கு அழுத்தத்தைச் சற்று ஏற்றக்கூடும் என்றும், அந்த 115 சுழற்சியால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்பதை இந்த நோட்டிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது என்றும் விளக்கினார். மாத்திரை போட்ட நேரத்துக்குத் தனியாக ஒரு கட்டம் வரைந்து, நான்காவது சுழற்சியை இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறேன்.