டைப்-சி எல்லாம் ஒன்றுதான், ஆனால் எந்த சார்ஜர் வாங்குவது?

நோக்கியா காலத்தில் “சின்ன பின் இருக்கா?” என்று கேட்டால் போதும், பக்கத்து வீட்டில் எடுத்துக் கொடுப்பார்கள். பின் உள்ளே போனால் சார்ஜ் ஏறும், போகாவிட்டால் ஏறாது. இன்று போன், லேப்டாப், இயர்பட்ஸ், டிரிம்மர் என்று எல்லாவற்றிலும் டைப்-சி வந்துவிட்டது. எந்த கேபிளும் எதிலும் போகும். சார்ஜ் ஏறுமா, எவ்வளவு வேகத்தில் ஏறும் என்பதைத்தான் இப்போது பார்த்தே சொல்ல முடிவதில்லை.

2012இல் ஐபோன் 5உடன் வந்த லைட்னிங் போர்ட்டை ஆப்பிள் 2023இல், ஐபோன் 15இல்தான் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் நெருக்கியது அதற்கு முக்கியக் காரணம். 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன் எல்லாவற்றிலும் டைப்-சி கட்டாயம். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 வரை அவகாசம் கொடுத்தார்கள். பலர் கவனிக்காத இன்னொரு பகுதியும் அந்தச் சட்டத்தில் உண்டு: 15 வாட்டுக்கு மேல் சார்ஜ் ஆகும் கருவி, ‘பவர் டெலிவரி’ என்ற பொதுமுறையையும் ஏற்க வேண்டும். அதோடு கம்பெனி தன் சொந்த முறையையும் வைத்துக்கொள்ளலாம், தடை இல்லை. ஆக, போர்ட் ஒன்றாகிவிட்டாலும் சார்ஜர் கடையில் இன்றும் மூன்று கட்சிகள் இருக்கின்றன: கம்பெனியின் சொந்த ஃபாஸ்ட் சார்ஜர், பவர் டெலிவரி சார்ஜர் (கடைக்காரர்கள் பி.டி. என்பார்கள்), வயர்லெஸ் சார்ஜர்.

வேகம் மட்டும்தான் கணக்கு என்றால் கம்பெனி சார்ஜரை யாரும் மிஞ்ச முடியாது. ஓப்போ 2014இல் ‘வூக்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்றவர்கள் வோல்டேஜை ஏற்றி வேகம் காட்டிக்கொண்டிருந்தபோது, இவர்கள் வோல்டேஜை 5 அளவிலேயே வைத்துக்கொண்டு கரன்ட்டைக் கூட்டினார்கள். மின்சாரத்தைச் சீராக்கும் வேலையின் பெரும்பகுதி சார்ஜருக்குள்ளேயே முடிந்துவிடுவதால் போன் அதிகம் சூடாவதில்லை. ஒன்பிளஸின் ‘டேஷ் சார்ஜ்’ம் இதே வழிதான். கிளம்புவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது போட்டால் பாதி நாளுக்குத் தாங்கும் அளவு ஏறிவிடும், அதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த சார்ஜர் ஒரு வீட்டுக்கு மட்டும் வாக்கப்பட்ட மருமகள் மாதிரி. அதன் கேபிளும் தனி, அடாப்டரும் தனி. பழைய 65 வாட் அடாப்டர்களில் பலவற்றை வேறு கம்பெனி போனில் செருகினால் 10 வாட் அளவில் மெதுவாகத்தான் ஏறும். தொலைந்துபோனால் ஒரிஜினலைத் தேடி அலைய வேண்டும். அப்புறம், பெட்டியில் போட்டிருக்கும் 80, 100 வாட் எல்லாம் உச்ச அளவு. பேட்டரி காலியாக இருக்கும் முதல் சில நிமிடங்களுக்குத்தான் அந்த வேகம். 80 சதவீதத்தைத் தாண்டினால் எல்லா போனும் நிதானத்துக்கு வந்துவிடும்.

பவர் டெலிவரி வேலை செய்யும் விதம் வேறு. கேபிளைச் செருகியதும் சார்ஜர் தன்னால் தர முடிந்ததையெல்லாம் பட்டியல் போட்டுச் சொல்லும். 5, 9, 15, 20 வோல்ட் என்று. கருவி அதில் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரே அடாப்டர் இயர்பட்ஸுக்கும் பொருந்துகிறது, லேப்டாப்புக்கும் பொருந்துகிறது. 2021இல் வந்த பதிப்பில் இது 48 வோல்ட், 240 வாட் வரை போய்விட்டது; வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்து எண்ணை விட்டுவிட்டு, அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். 65 வாட் என்றால் ‘20 வோல்ட், 3.25 ஆம்பியர்’ என்ற வரி இருக்க வேண்டும். கூடவே பி.பி.எஸ். என்றும், அதன் பக்கத்தில் ‘3.3 முதல் 11 வோல்ட்’ போல ஒரு வரம்பும் இருக்கிறதா பாருங்கள். வோல்டேஜை 20 மில்லிவோல்ட் படிகளில் நுணுக்கமாக ஏற்றி இறக்கும் முறை அது. சாம்சங் போன்களின் ‘சூப்பர் ஃபாஸ்ட்’ இதை நம்பித்தான் இருக்கிறது. இது இல்லாத பி.டி. சார்ஜரை மாட்டினால் சார்ஜ் ஏறும், ஆனால் ‘சூப்பர்’ இருக்காது. ஐபோனுக்கு இது தேவையில்லை.

இரண்டு மூன்று போர்ட் வைத்த சார்ஜரில் ஒரு தொல்லை உண்டு. 65 வாட் என்பது ஒரு போர்ட்டை மட்டும் பயன்படுத்தும்போது. இரண்டாவதில் இயர்பட்ஸைச் செருகினாலே போதும், 45, 20 என்று பிரிந்துவிடும். பிரியும் அந்த நொடியில் லேப்டாப்புக்கும் சப்ளை ஒருமுறை விட்டு வரும். பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப்பாக இருந்தால் அணைந்தே போகும். வேலை செய்துகொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது வந்து இன்னொரு போனைச் செருகினால் தெரியும் அந்த வலி.

கேபிளிலும் ஏமாறலாம். இரண்டு முனையிலும் டைப்-சி உள்ள சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர் வரைதான் தாங்கும், அதாவது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள் ஒரு சிறு சிப் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 100 வாட் சார்ஜரும் 60க்கு மேல் தராது. டேட்டா வேறு கதை. சார்ஜருடன் வரும் கேபிள் பெரும்பாலும் நொடிக்கு 480 மெகாபிட் என்ற பழைய வேகம்தான். அதை மானிட்டரில் மாட்டிவிட்டுப் படம் வரவில்லை என்று மானிட்டரைத் திட்டக் கூடாது. ஐபோன் 15இலேயே சாதாரண மாடலின் போர்ட் 480 மெகாபிட்தான், புரோ மாடலில் 10 ஜிகாபிட். இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

எல்லாம் சரியாக வாங்கிய பிறகும் ஒரு டிரிம்மரோ கையடக்க ஃபேனோ சார்ஜ் ஏறாமல் அடம்பிடிக்கும். டைப்-சி வாய் இருக்கிறது, புது சார்ஜர் இருக்கிறது, சி-டு-சி கேபிள் இருக்கிறது. விளக்கு மட்டும் எரியாது. பொருள் பழுது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டைப்-சி போர்ட்டில் மறுமுனையில் ஒரு கருவி இருப்பதை உறுதிசெய்த பிறகே சார்ஜர் கரன்ட் விடும். அதற்கு அடையாளமாகக் கருவிக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இரண்டு இருக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க அதை வைக்காமலே விற்கிறார்கள். அந்தப் பொருளுக்குப் பழைய தட்டை வாய் யு.எஸ்.பி.-ஏ அடாப்டரும் ஏ-டு-சி கேபிளும்தான் மருந்து. அந்தப் பழைய வாய் எதையும் விசாரிக்காமல் 5 வோல்ட்டைக் கொடுத்துவிடும். மலிவான பொருளில் மட்டும்தான் இப்படி என்றில்லை. 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டிலேயே இரண்டு ரெசிஸ்டருக்குப் பதில் ஒன்றை மட்டும் வைத்து, சிப் வைத்த கேபிள்களில் வேலை செய்யாமல் போய், பிறகு திருத்தினார்கள்.

வயர்லெஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். சௌகரியம் உண்டு, வேகம் இல்லை. ‘Qi’ என்று எழுதி ‘ச்சீ’ என்று உச்சரிக்கப்படும் பொதுமுறையில் பழைய பதிப்புகள் 15 வாட் வரைதான். தட்டின் மேல் போன் கொஞ்சம் விலகி உட்கார்ந்தாலும் மின்சாரம் சூடாக வீணாகும். காலையில் எடுத்தால் போன் கதகதப்பாக இருக்கும், சார்ஜ் பாதியில் நிற்கும். ஆப்பிள் 2020இல் ஐபோன் 12இல் கொண்டுவந்த காந்த முறையை அடிப்படையாக வைத்து, 2023இல் அந்தப் பொதுமுறையின் இரண்டாம் பதிப்பு (Qi2) வந்தது. காந்தம் போனைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்வதால் விலகும் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. வாங்குவதானால் அதைத்தான் வாங்க வேண்டும். உள்ளே காந்தம் இல்லாத போன் என்றால் காந்தம் வைத்த கவர் தேவைப்படும்.

என் கணக்கில், புதிதாக ஒன்று வாங்குகிறவருக்கு பி.பி.எஸ். உள்ள 65 வாட் பி.டி. சார்ஜர் ஒன்றும் சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் ஒன்றும் போதும். போனுடன் வந்த கம்பெனி சார்ஜர் இருந்தால் அது அந்த போனுக்கே இருக்கட்டும், தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வயர்லெஸ் தட்டைக் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், இரவு முழுக்க நேரம் இருக்கிறது. காரில் மட்டும் வேண்டாம். மேப்பும் ஓடி, சித்திரை வெயிலும் கண்ணாடி வழியே அடித்தால் போன் சூட்டில் சார்ஜ் ஏற்றுவதையே நிறுத்திவிடும். அங்கே லைட்டர் சாக்கெட்டில் செருகும் ஒரு பி.டி. சார்ஜரும் குட்டை கேபிளும் இருந்தால் போதும்.