ராணுவ வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்பு, முன்பக்க ஆக்சிலைப் பாருங்கள்

ராணுவ ஏலத்தில் கழிந்து வந்த பழைய வண்டிகளை ஆசையாக வைத்துப் பராமரிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது நிசான் ஒரு டன். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ராணுவத்துக்கென்று செய்த வண்டி. ஜோங்கா என்ற ராணுவ ஜீப்பில் இருக்கும் அதே 3,956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பட்டறையில் விட்ட அன்று நான்கு சக்கரமும் இழுத்தது. திரும்பி வந்தபோது பின்சக்கரம் இரண்டு மட்டும்தான் இழுத்தது. இடையில் பதினான்கு மாதமும் 3 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயும் போய்விட்டன.

2004 சுனாமி சமயத்தில் நான் பள்ளிக்கூடப் பையன். மாமா வீடு நாகப்பட்டினத்தில். கார் போக முடியாத இடத்துக்கெல்லாம் ராணுவ வண்டிகள் போவதை அங்கேதான் பார்த்தேன். அந்த ஆசையில் 2019இல் இதை வாங்கினேன். காகிதத்தில் குறை இல்லை. ராணுவம் கொடுத்த விற்பனைச் சான்று, அதாவது படிவம் 21, அதை வைத்து முதல் உரிமையாளர் எடுத்த ஆர்.சி., சேசிஸில் தட்டிய எண் மூன்றும் பொருந்தின. ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஈ.எம்.இ. படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா மன்னார்குடியில் இருக்கிறார். 2022இல் அவர்தான் முன்சக்கரங்களின் நடுவில் இருக்கும் ஹப்புகளைத் திறந்து சீல் மாற்றி கிரீஸ் வைத்துக் கொடுத்தார். மூடும் முன், சக்கரங்களை உள்ளிருந்து சுற்றும் இரண்டு ஷாஃப்டின் முனையிலும் பஞ்ச் உளியால் மூன்று புள்ளி தட்டினார். "எதுக்குங்க ஐயா?" என்றேன். "பழக்கம் தம்பி, திறந்தவன் அடையாளம் வைக்கணும்" என்றார். அந்த மூன்று புள்ளிதான் இன்று என் கையில் இருக்கும் பெரிய சாட்சி.

பாடி துருப்பிடித்துவிட்டது. எங்கள் பக்கத்துக் களிமண் சேசிஸ் இடுக்கில் போய் உட்கார்ந்தால் கோடையிலும் ஈரம் காயாது, உள்ளேயே தின்றுவிடும். டிங்கரிங், பெயின்ட், பிரேக், வயரிங் எல்லாவற்றையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று விசாரித்தேன். டெல்டாவுக்கு வெளியே, பைபாஸ் ஓரம், பழைய ஜீப்புகளுக்குப் பேர் போன ஒரு பட்டறையைச் சொன்னார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்த வாரம், 2023 ஜூனில், வண்டியை விட்டேன். மூன்று மாதம் என்றார் உரிமையாளர். டீசல் எஞ்சின் மாட்டித் தரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் கிடைக்கும், ஆனால் அந்த எஞ்சினுக்காகத்தானே வாங்கினேன்.

குறுவை அறுத்தோம், சம்பா நட்டோம், பொங்கலும் போனது. போன் செய்தால் "அடுத்த வாரம் சார்". போட்டோ கேட்டால் ஒரே பக்கத்தை வேறு வேறு கோணத்தில் எடுத்து அனுப்புவார். நேரில் மூன்று முறை போனேன். மூன்று முறையும் முன்பக்கம் மரக்கட்டை மேல் நின்றது, சக்கரம் இல்லை. பிரேக் வேலை என்றார்கள். நான் குனிந்து பார்க்கவில்லை. 2024இல் மேட்டூர் தாமதமாக ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அதற்கும் பிறகு, ஆகஸ்டில், வண்டி வந்தது.

வந்த வண்டி முழுக்க ராணுவப் பச்சை. வேண்டாம், மணல் நிறம் அடியுங்கள் என்று எழுதியே கொடுத்திருந்தேன். மத்திய மோட்டார் வாகன விதி 121, பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறெதுவும் அந்த ஆலிவ் பச்சையில் இருக்கக் கூடாது என்கிறது. "எல்லாரும் இதைத்தான் சார் கேக்கறாங்க" என்றார் பட்டறைக்காரர். திரும்ப நிறம் அடிக்க எனக்குத் தனிச் செலவு. அதற்காகச் சுரண்டியபோது கதவின் அடிப்பாகத்தில் விரல் கனத்துக்குப் பட்டி இருந்தது. காந்தம் வைத்தால் ஒட்டவில்லை. துருவை வெட்டி எடுக்காமல் மேலே பூசி மூடியிருக்கிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நவம்பர் கடைசி வார மழையில் எங்கள் சம்பா வயல் மூழ்கியது. தண்ணீரை இறைத்து வடிகாலில் விட ஆயில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரை வழியாகப் போனேன். சேற்றில் இறங்கியதும் நான்கு சக்கர லீவரைப் போட்டேன். லோ கியரும் விழுந்தது, சத்தமும் வந்தது. பின்சக்கரம் இரண்டும் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தன. முன்சக்கரம் அசையவில்லை. இருட்டும் வரை டிராக்டருக்காகக் காத்திருந்தேன். பயிர் இன்னும் ஒரு இரவு தண்ணீருக்குள் கிடந்தது. எனக்கு ஆறவே ஆறாதது அந்த ஒரு இரவுதான்.

ஐயா வந்து ஹப் மூடியைக் கழற்றினார். ஷாஃப்ட் முனையில் மூன்று புள்ளி இல்லை. வேறு ஏதோ வண்டியின் ஷாஃப்டைக் கையளவுக்கு வெட்டி, வெளியே தெரியும் இடத்தில் மட்டும் வெல்டு வைத்திருந்தார்கள். உள்ளே நக்கிளில், அதாவது சக்கரம் திரும்பும் மூட்டில், இருக்க வேண்டிய ஜாயிண்ட், அதோடு ஆக்சிலில் விசையை இரண்டு பக்கமும் பிரிக்கும் டிஃபரென்ஷியல் வரை போகும் நீள ஷாஃப்ட், இரண்டு பக்கமும் காலி. அவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. சக்கரம் தன் பேரிங்கில் தனியாக நிற்பதால், உள்ளே ஷாஃப்டே இல்லாவிட்டாலும் தார் ரோட்டில் வண்டி ஒழுங்காக ஓடும். லீவர் விழும், கியர் பக்கத்திலிருந்து முன் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டும் சுற்றும். சேற்றில் இறங்கும் வரை தெரியாது. ஜபல்பூரில் இந்த வண்டி உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் அந்தச் சாமானுக்கு அலைகிறவர்கள் நிறையப் பேர். அதனால்தான் கை வைக்கிறார்கள்.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டியை இரண்டு சக்கர நிலையில் வைத்து, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். முன்சக்கரத்தை ஷாஃப்டோடு இணைக்கும் ஹப் லாக் உள்ள வண்டி என்றால் லாக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். முன் புரொப்பல்லர் ஷாஃப்ட் கூடவே சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, அல்லது இல்லை. அப்புறம் அடுத்த சக்கரம். விடும்போது ஒரு முறை, எடுக்கும்போது ஒரு முறை, இரண்டையும் பட்டறைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுங்கள்.

பட்டறைக்காரர் சொன்ன பதில்: "வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு." நல்லவேளையாக, விடுவதற்கு இரண்டு வாரம் முன்பு முன்சக்கரம் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு கரை ஏறும் வீடியோ என் போனில் இருந்தது. ஐயாவும் எழுதிக் கொடுத்தார். திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் போட்டிருக்கிறேன். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். துண்டுச் சீட்டானாலும் பில் வாங்கி வையுங்கள். நான் கொடுத்ததில் பாதி ரொக்கம், அதற்கு ரசீது இல்லை. அந்தப் பாதியைத்தான் இப்போது நிரூபிக்கத் திணறுகிறேன்.

இடது பக்கத்துக்கு ஒரு ஷாஃப்ட் ஜாயிண்டோடு கிடைத்துவிட்டது. வலது பக்கம் நீளம் வேறு, இன்னும் தேடுகிறேன். நிசான் ஒரு டன்னுக்கு யாராவது உங்களிடம் முன் ஷாஃப்ட் விற்க வந்தால் முனையைத் துடைத்துப் பாருங்கள். மூன்று புள்ளி இருந்தால் பணம் கொடுக்கும் முன் எனக்குச் சொல்லுங்கள்.