சேற்றுப்புண்ணுக்கு எந்தக் களிம்பு?

சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் விரித்துப் பாருங்கள். தோல் வெளுத்து ஊறிப்போய், நடுவில் ஒரு வெடிப்பு, லேசான வாடை இருந்தால் பெரும்பாலும் சேற்றுப்புண்தான். வயலில் நின்றால் மட்டுமல்ல, நாளெல்லாம் ஷூவுக்குள் கால் வேர்த்தாலும் வரும்.

மெடிக்கலில் கேட்டால் முதலில் க்ளோட்ரிமசோல் 1% வரும். விலை குறைவு. இந்தப் புண்ணுக்குக் காரணமான பூஞ்சையை வளரவிடாமல் அடக்கும்; ஈரத்திலேயே புழங்கும் கால்களில் சேர்ந்துகொள்ளும் கேண்டிடா என்ற இன்னொரு வகைப் பூஞ்சையையும் பிடிக்கும். ஆனால் காலையும் இரவும் 4 வாரம் வரை பூச வேண்டும். பத்தாம் நாள் அரிப்பு நின்றதும் டியூப் அலமாரிக்குப் போய்விடும், அடுத்த மாதம் புண் திரும்பி வரும்.

அந்தச் சோம்பேறித்தனத்துக்குச் சரியான ஆள் டெர்பினஃபின் 1%. இது பூஞ்சையைக் கொல்லும் ரகம். விரலிடுக்குக்குப் பெரும்பாலும் ஒரே வாரம் போதும். என் ஓட்டு இதற்குத்தான் என்று முன்பெல்லாம் யோசிக்காமல் சொல்வேன். இப்போது கொஞ்சம் தயக்கம். நம் நாட்டில் பரவியிருக்கும் டிரைக்கோபைட்டன் இண்டோடினியே என்ற படர்தாமரைப் பூஞ்சையில் இம்மருந்துக்கு அடங்காதவை நிறைய. அது அதிகம் தாக்குவது தொடையிடுக்கையும் உடம்பையும்தான். ஆகவே படை காலோடு நிற்காமல் மேலேயும் இருந்தால் டாக்டரிடம் போவதே மேல்.

மூன்றாவதுதான் வில்லன்: ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு. அம்மாவுக்கு ஒரு கடையில் கேட்காமலே இதைத்தான் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு போனது, "கைராசியான கடைடா" என்றார். மூன்றாம் வாரம் புண் புறங்கால்வரை ஏறியிருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும். வாங்கும்போது டியூபில் க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்றிருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மருதாணியை அரைத்துப் பூசுவதை நான் கேலி செய்ய மாட்டேன். அதைப் பூசிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கால் நனையாமல் கிடக்கிறோமே, அதுவே பாதி வைத்தியம். வெடித்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

எந்த டியூப் வாங்கினாலும், கழுவிய காலை விரல் விரலாகத் துணியால் ஒற்றி உலர்த்திவிட்டுப் பூசுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் கடையில் நின்று தேர்ந்தெடுக்கவே வேண்டாம். அந்தச் சின்ன வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்து கால் வீங்கிவிடும். நேரே டாக்டரிடம் காட்டுங்கள்.