தகரக் கொட்டகையில் 3 வருட மரவேலை: எதை வாங்கியிருக்க வேண்டாம்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஸ்கூட்டர் நிறுத்தி வைத்திருந்த 10க்கு 8 அடி தகரக் கொட்டகையை மரவேலைக்கு எடுத்துக்கொண்டு 3 வருடம் ஆகிறது. எனக்கு இது தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். இதுவரை செய்தது இரண்டு முக்காலி, ஒரு புத்தக அலமாரி, அம்மாவுக்கு ஒரு மணை, பாதியில் நிற்கிற ஒரு டீப்பாய். செலவு 30,000 தாண்டிவிட்டது. இன்றைக்கு ஆரம்பித்தால் அதில் பாதிகூட ஆகாது, ஏனென்றால் நான் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் வாங்கினேன்.

வீடியோ பார்த்த வேகத்தில் முதலில் வந்தது வட்ட ரம்பமும், வளைவாக அறுக்கும் ஜிக்சா மெஷினும். மேசை கிடையாது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி மேல் பலகையைப் போட்டு நடுவில் வட்ட ரம்பத்தால் அறுத்தேன். அறுக்க அறுக்கப் பலகை நடுவில் தொய்ந்து பிளேடைக் கவ்விக்கொண்டது, மெஷின் அப்படியே என் பக்கம் உதைத்துத் திரும்பியது. தொடைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அன்றோடு ஒரு மாதம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. துண்டு தானாகக் கழன்று விழுகிற மாதிரி ஓரத்தில்தான் அறுக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

அப்புறம்தான் மேசை. ஓசூரில் கம்பெனிகளுக்கு வரும் பேக்கிங் பெட்டிப் பைன் கட்டைகள் பழசாகக் கிடைக்கும், அதில் கால்கள், மேலே 18 மி.மீ. பிளைவுட் இரண்டு அடுக்கு. உயரம் 33 அங்குலம், அதாவது நின்றபடி கையைத் தொங்கவிட்டால் என் மணிக்கட்டு வரும் இடம். இழைக்கும்போது மேசை நடந்து போனதால் சுவரோடு போல்ட் போட்டுவிட்டேன். 3 வருடத்தில் அதிகம் பயன்படுவது இதுதான்.

அடுத்து உளி. தெருமுனையில் தச்சு வேலை செய்கிற அண்ணன் ஒருவர் என் புது உளியை வாங்கி முன்கை முடியில் வைத்து இழுத்துப் பார்த்தார், ஒரு முடிகூட விழவில்லை. "தேங்காய் ஒடைக்கலாம் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புது உளி தீட்டாமல்தான் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

தீட்டுவதற்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது. ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் பாலிஷ் போட்ட கழிவுத் துண்டு ஒன்று கேட்டேன், சும்மாவே கொடுத்தார்கள். கண்ணாடி மாதிரி மட்டம். அதன்மேல் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், எண் கூடக் கூட நைஸ்) 220, 400, 800 என்று தண்ணீர் தொட்டு ஒட்டிக்கொண்டு, முதலில் உளியின் தட்டையான முதுகை, முனையை ஒட்டிய ஓர் அங்குலம் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். அவசரத்தில் பலரும் விடுவது இந்த முதுகைத்தான். பிறகு முனையின் சரிவான பக்கத்தை 25 டிகிரியில் வைத்துத் தேய்த்தால், முதுகுப் பக்கம் கட்டைவிரலை வெளிப்பக்கமாக ஓட்டும்போது மெல்லிய பிசிறு தட்டுப்படும். தட்டுப்பட்டால் முனை வந்துவிட்டது என்று அர்த்தம். முதுகைத் தட்டையாக வைத்து இரண்டு இழு, பிசிறு போய்விடும். இழைப்புளியின் அடிப்பக்கத்தையும் இதே கல்லில் மட்டம் செய்தேன், அதுவரை கடித்துக் கடித்துப் பிய்த்த பலகையில் முதல்முறையாகச் சுருள் சுருளாக வந்தபோது வேலையை விட்டுவிட்டுச் சும்மா சுருளாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

மரம் விஷயத்தில் அடி வாங்கியது மாம்பலகையில். மாந்தோப்பு ஊர் இது, பழைய மரம் வெட்டும்போது மில்லில் மலிவாகக் கிடைக்கும். ஓர் அங்குலத் தடிமனுக்குச் சுமார் ஒரு வருடம் காய வேண்டும் என்பார்கள். நான் 4 மாதத்தில் முக்காலி செய்து, மேல்பலகையைக் குறுக்குச் சட்டத்தில் ஸ்குரூ போட்டு இறுக்கினேன். பங்குனி வெயிலில் பலகை அகலவாக்கில் சுருங்க, சட்டம் விடாமல் பிடிக்க, நட்டநடுவே பிளந்துவிட்டது. இப்போது சட்டத்தில் ஸ்குரூ துளையைப் பலகையின் அகலவாக்கில் நீட்டிப் போடுகிறேன், பலகை அசைய இடம் இருக்கிறது. இரண்டாவது முக்காலியின் கீழே கோதுமை மாவு மாதிரி தூள் விழுந்தது, வண்டு. மாமரத்தில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் பூசாமல் வேலை செய்யாதீர்கள். இடித்த வீட்டுத் தேக்கு வாசக்கால் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் உள்ளே ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். நான் ஓர் இழைப்புளி பிளேடைப் பலி கொடுத்தேன்.

சின்ன விஷயம் ஒன்று: அளவை அண்ணன் "மூணு அங்குலம் ரெண்டு நூல்" என்பார், நான் மி.மீ. எழுதிக்கொண்டிருப்பேன். ஒரு நூல் அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். நான் அதை 3 என்றே வைத்துக்கொண்டதில் அலமாரியின் ஒரு தட்டு இன்றும் ஆடுகிறது.

தூசி விளையாட்டில்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. முகமூடி இல்லாமல் உப்புத்தாள் தேய்ப்பதில்லை. சித்திரை, வைகாசியில் காலை 8 மணிக்கு மேல் தகரத்துக்குக் கீழே நிற்கவும் முடியாது.

டீப்பாய்க்கான பலகை சுவரோரம் காய்கிறது, தை மாதம் தொடுவேன். வட்ட ரம்பம் பிளைவுட்டுக்கு உதவுகிறது, இருக்கட்டும். ஜிக்சா பெட்டியோடு இருக்கிறது, தடித்த மரத்தில் பிளேடு வளைந்து கோணலாகப் போகும், யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன்.